ஏற்க மறுத்த உடம்பு

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுவார். நான் பக்கத்து இருக்கையில், என் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு அவரை நம்பாமல் உட்கார்ந்திருப்பேன். நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் நாளடைவில் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. யாராவது சிரித்த முகத்துடன் "கவலையே படாதீங்க" என்று சொன்னால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அந்த ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள், வாசலிலிருந்து உள்ளே போய் உட்காருவதற்குள் என் கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தனை பேர் அதைச் சொன்னார்கள்.

என் மனைவி, சட்டை தைக்கும் கூடமொன்றில் காஜா எடுக்கிறாள். கூடம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. சில மாதங்களாக ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தாள். முகம் வெளுத்து, நகம் வெளுத்து, சிரித்தால் உதடுகூட வெளுத்துத் தெரிந்தது. கர்ப்பப்பையில் கட்டி. மாதா மாதம் ரத்தம் கொட்டிக் கொட்டி உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கட்டியை எடுத்தே ஆகவேண்டும், ஆனால் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு பத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் கத்தி வைக்க முடியும் என்றார்கள். அவளுக்கு ஏழு இருந்தது.

ஊரில் அறுவை அரங்கு ஒரே இடத்தில்தான் உண்டு. அந்த இடத்தின் வாசலில் 'மூலிகை எதிர்-ஆக்சிகரணி உடலேற்பு ஆய்வு மற்றும் மருத்துவ நிறுவனம்' என்று பலகை தொங்கியது. படித்து முடிப்பதற்குள் வியாதி முற்றிவிடும் என்பதால் எல்லாரும் 'ஏற்பு ஆஸ்பத்திரி' என்று சுருக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் அது சாதாரண ஆஸ்பத்திரியாகத்தான் இருந்ததாம். பிறகு ஓர் இயக்குநர் வந்தார். மூலிகைகளில் உள்ள ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் சத்தை மனித உடம்பு எப்படி ஏற்கிறது என்று கண்டுபிடிக்கப்போவதாகச் சொன்னார். கீழ்த்தளம் முழுவதும் ஆய்வாயிற்று. அறுவை அரங்கு மாடியில் அப்படியே இருந்தது. மாடியில் கத்தி வைக்கக் கீழ்த்தளத்தின் சம்மதம் வேண்டும் என்பது மட்டும் புதிது.

கீழே ஏற்புக் கூடம் என்று ஒரு பெரிய அறை. வெளுத்த முகங்களுடன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் உறுதிமொழி. எல்லாரும் எழுந்து நின்று, வலது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்: "என் உடல் என்னுடையது என்ற எண்ணத்தை விடுகிறேன். தருவதை ஏற்பேன். ஏற்றதை வெளிவிடேன்." கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மட்டும் கடைசி வரியைச் சொல்லாமல் நழுவிவிட்டார்.

பிறகு இயக்குநர் மேடையேறினார். வெள்ளைக் கோட்டு, கையில் ஊதா நிறத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாய். உலகத்தில் எல்லாமே துருப்பிடிக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, வெட்டி வைத்த ஆப்பிள் கறுக்கிறது, இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அத்தனை பேரும் இந்த நிமிடம் துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். பெண்கள் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த ஊதாதான் உங்க உடம்பு" என்று குழாயைத் தூக்கிக் காட்டினார். அதில் கஷாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஊதா மங்கி, மஞ்சளாயிற்று. "பாத்தீங்களா, ஏத்துக்கிச்சு. குழாய்க்குப் படிப்பு இல்ல, பண்பாடு இல்ல. அதுவே ஏத்துக்குது. மனுஷ உடம்பு ஏத்துக்காதா?"

எல்லாரும் கைதட்டினார்கள். என் கால் தரையை அழுத்தியது. குழாய்க்கு வயிறு கிடையாதே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். இயக்குநர் என்னை உற்றுப் பார்த்தார். யார் என்று விசாரித்தார். கூட வந்தவர் என்று யாரோ சொன்னார்கள்.

"கூட வந்தவருக்கும் ஒரு டம்ளர் குடுங்க" என்றார்.

அந்தக் கஷாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இலை, பட்டை, வேர், பழத்தோல் எல்லாம் போட்டுக் காய்ச்சியது. நிறம் பழைய மரக்கதவின் நிறம். வாயில் வைத்ததும் நாக்கு சுருங்கி உள்ளே ஓடிவிடும். அப்படி ஒரு துவர்ப்பு. ரத்தம் ஏறுவதற்கான இரும்பு மாத்திரையையும் கூடவே தருவார்கள். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கக்கூடாது, கஷாயத்தில்தான் விழுங்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டு கவுன்ட்டர் வைக்க ஆள் இல்லை என்பது அதற்குக் காரணம். ஆனால் சுவரில் 'ஒருங்கிணைந்த ஏற்பு' என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

விழுங்குவதைப் பார்க்கவே ஓர் அதிகாரி இருந்தார். விழுங்கல் கண்காணிப்பாளர் என்று பதவி. முன்பு சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து இருக்கை காட்டியவர் என்று கேள்வி. இப்போது அதே நிதானத்துடன் ஒவ்வொரு வாய்க்குள்ளும் டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, கஷாயம் போய்விட்டதா என்று பார்த்தார். போய்விட்டது என்றால் தலையாட்டுவார். எங்கே போயிற்று என்பது அவர் இலாகா இல்லை.

என் மனைவி ஒரு நாள்கூடத் தவறாமல் போய்க் குடித்தாள். வேலைக்குப் போகும் வழியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, உறுதிமொழியெல்லாம் சொல்லிக் குடித்தாள். மாதம் முடிந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏழாக இருந்தது ஏழுக்குக் கீழே போயிருந்தது. அது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. கஷாயத்தின் சத்து ரத்தத்தில் ஒரு துளிகூட இல்லை என்பதுதான் அவர்களை உலுக்கியது. அதைவிட மோசம், அந்தச் சத்து உருமாறி, முழுக்க முழுக்கச் சிறுநீரில் போயிருந்தது. கண்காணிப்பாளர் எங்களைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. அதுவரை அவர் வாய்க்குள் மட்டும்தான் டார்ச் அடித்தார். அன்றைக்கு அவள் கைப்பைக்குள்ளும் அடித்துப் பார்த்தார்.

மறுவாரம் விசாரணை.

நீண்ட மேசை. நடுவில் இயக்குநர், இரண்டு பக்கமும் குழு உறுப்பினர்கள். எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. கண்காணிப்பாளர் எழுந்து இரண்டு குற்றச்சாட்டுகளை வாசித்தார். நிறுவனம் அளித்ததை உடல் ஏற்காதது ஒன்று. ஏற்காததோடு நிற்காமல் வெளியேற்றியது இன்னொன்று.

என் மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பயத்திலா, ரத்தம் இல்லாததாலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கஷாயத்துல குறை இல்லன்னு குழாயிலேயே நிரூபிச்சாச்சு" என்றார் இயக்குநர். அவர் கத்தவில்லை. வருத்தத்தோடுதான் பேசினார். "அப்ப குறை எங்க இருக்கு? மிச்சம் இருக்கறது நீங்க மட்டும்தானேம்மா."

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. குடிச்சேன். அதுக்கப்புறம் அது பாட்டுக்குப் போயிடுச்சு."

"அதைத்தான் கேக்கறோம். ஏன் போக விட்டீங்க?"

 சரி, விழுங்கும்போது மனசில் என்ன நினைப்பு ஓடும் என்று ஓர் உறுப்பினர் பரிவாகக் கேட்டார். வேலை நினைப்புதான், எடுக்க வேண்டிய காஜா நினைப்புதான் என்றாள். காஜா என்றால் என்ன என்று கேட்டார்கள். பட்டன் நுழைவதற்காகத் துணியில் போடும் ஓட்டை என்றாள்.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'ஓட்டை' என்ற சொல் அந்த அறையில் ஏற்படுத்திய அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாள் முழுவதும் ஓட்டை போடுகிற, ஓட்டையையே நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவரின் உடம்பு ஒழுகத்தானே செய்யும் என்றார். குழு ஏகமனதாக அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் எதையாவது உடனடியாக ஏற்றுக்கொண்ட ஒரே உடம்பு அந்தக் குழுதான்.

அதோடு, ஏற்புக் கூடத்தின் சூழல் அவளது உடலைப் பிடிவாதம் பிடிக்கத் தூண்டுகிறது என்றும், இனி வீட்டிலேயே குடிக்கட்டும் என்றும் முடிவாயிற்று. கஷாயத்தைப் பாட்டிலில், மாத்திரையோடு கொடுத்து அனுப்புவார்கள். என்னை இல்ல விழுங்கல் கண்காணிப்பாளராக நியமித்து, ஒரு டார்ச்சும் தந்தார்கள். கட்டிய மனைவியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். எனக்குச் சந்தேகம் நிறையவே இருந்தது, ஆனால் அது அவள்மேல் இல்லை.

வெளியே வந்ததும் அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். எங்கே போகிறாய் என்றேன். "வெட்டப்போறவர் யாருன்னாவது பாத்துட்டு வரேன்" என்றாள்.

அறுவை அரங்குக்கு வெளியே, ஜன்னலோரத்தில், அறுவை மருத்துவர் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். வயதில் சின்னவர்தான், ஆனால் வேலையில்லாமலே களைத்துப் போயிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். நடுவில் சிரிப்பு வந்தபோது கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எந்த மூலிகையா இருந்தாலும் குடிச்சதெல்லாம் ரத்தத்துக்குப் போயிடாதும்மா" என்றார். "பெரும்பகுதி குடல் சுவரைத் தாண்டவே தாண்டாது. தாண்டினதைக் கல்லீரல் பிடிச்சு வேற உருவமா மாத்திடும். சிறுநீரகம் அதை வெளிய அனுப்பிடும். மறுநாள் காலையில வந்து ரத்தத்துல தேடினா என்ன இருக்கும்? உங்க உடம்பு ஒழுங்கா வேலை செய்யுது, அவ்வளவுதான் அர்த்தம்."

"அப்ப ரத்தம் ஏன் ஏறல?"

"அந்தத் துவர்ப்பு இருக்கே, அது இரும்பைப் பிடிச்சுக்கும். மாத்திரையையும் கஷாயத்தையும் ஒண்ணா உள்ள விட்டா, ரெண்டும் கைகோத்துக்கிட்டு வெளிய போயிடும். மாத்திரையை மட்டும் போடுங்க. எலுமிச்சம்பழச் சாறோட போட்டா இன்னும் நல்லது."

இதைக் கீழே சொல்லக்கூடாதா என்று நான் கேட்டேன். அவர் மேலே, இலை காய்ந்த கொடி தொங்கிக்கொண்டிருந்த ஏசியைக் காட்டினார். போன தடவை சொன்னாராம். அரங்கு ஏசியைச் சரிபார்க்கக் கேட்ட விண்ணப்பம் அன்றைக்கு இயக்குநரின் மேசையில் உட்கார்ந்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லையாம். அவருடைய விடுப்புக்கும் அதே மேசையில்தான் கையெழுத்தாக வேண்டுமாம். சொல்லிவிட்டுக் குறுக்கெழுத்துக்குத் திரும்பிவிட்டார். நல்ல மனிதர். கோழை. இரண்டும் ஒரே ஆளாக இருப்பதை நான் அடிக்கடி ஓட்டுநர் இருக்கையில் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு பாட்டில் கஷாயம் இறங்கியது. அவள் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றில் விழுங்கிவிட்டு வாயை ஆவென்று திறப்பாள். நான் என் பதவிக்குரிய கடமையுடன் டார்ச் அடிப்பேன். வாயில் கஷாயம் இல்லை என்று அறிக்கை கொடுப்பேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

ஒரு நாள் கண்காணிப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். படுக்கையறையில் தலையணைக்கு அடியில் பார்த்தார். கழிப்பறையில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். கடைசியில் சமையலறைத் தொட்டியருகே போய் நின்றுவிட்டார். தொட்டியின் ஓட்டையில் இரும்புச் சல்லடை போட்டிருந்தோம். கஷாயம் பட்டுப் பட்டு அது மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. அவர் விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

என் மனைவி மட்டும் அசையாமல், டம்ளர் கழுவும்போது ஒட்டிய மிச்சம் பட்டிருக்கும் என்றாள். மிச்சம் பட்டே இரும்பு இப்படி ஆகிறதென்றால் வயிற்றுக்குள் மாத்திரை என்ன ஆகுமோ என்று சந்தேகம் கேட்பதுபோலவும் கேட்டுவைத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்களில் ஈரம்.

"இரும்பே ஏத்துக்கிச்சும்மா" என்றார். "எங்க ஐயா சொல்வாரு, ஒரு நாள் ஜடப்பொருளும் ஏத்துக்கும்னு."

சல்லடையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். புதிதாக ஒன்று வாங்கி வைத்தோம்.

ரத்தம் ஏறியது. முதலில் எட்டு, பிறகு ஒன்பது. அவள் முகத்தில் நிறம் திரும்புவதை நான் தினமும் அவள் கண்ணாடி பார்க்கும்போது பின்னால் நின்று திருட்டுத்தனமாகப் பார்த்தேன். மாடிப்படியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்கிறேன் என்றாள். பத்தைத் தாண்டிய அன்று எங்களுக்கு இருந்த சந்தோஷத்தில், இந்த மாதமே கட்டியை எடுத்துவிடுவார்கள் என்று மாற்றுத்துணிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

கீழ்த்தளம் எங்களைவிடச் சந்தோஷப்பட்டது. ஏற்புக் கூடத்தில் அவளை மேடையேற்றினார்கள். பெரிய படம் எடுத்தார்கள். ஒரு காலத்தில் ஒழுகிக்கொண்டிருந்த உடம்பு என்று இயக்குநர் அவளை அறிமுகப்படுத்தினார். விசாரணையும் கண்டிப்பும் நிறுவனத்தின் அன்பும் சேர்ந்து அந்த உடம்பைத் திருத்திவிட்டன என்றார். பெண்கள் கைதட்டினார்கள். வெளுத்த கைகள் ஆதலால் சத்தம் அதிகம் வரவில்லை.

விழா முடிந்ததும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கேட்டோம். இயக்குநர் எங்களைக் குழந்தைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏற்பு பூர்த்தியானவங்களுக்கு அறுவைச் சிகிச்சை கிடையாது. இவ்வளவு பாடுபட்டு உள்ள ஏத்தின மருந்தைக் கத்தி வச்சுக் கிழிக்கறதா?"

"இன்னும் ரத்தப்போக்கு நிக்கலீங்க" என்றேன்.

"ஏறியிருக்கு, அதனால போகுது. குளம் நெறஞ்சா மதகு வழியா வழியாதா? நல்ல அறிகுறி."

வீட்டுக்கு வந்து, எடுத்து வைத்த துணிகளை அவள் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். அடுத்த மாதம் வரும், மொத்தமும் கொட்டிவிடும், திரும்பவும் ஏழு, திரும்பவும் அந்தக் கூடம், அதுவரை உயிர் இருக்குமா என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. உண்மையை உடைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வேண்டாம், அவர்கள் காதில் உண்மை போனால் என்னவாகத் திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது என்றாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவளையும் இழுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனேன். கண்காணிப்பாளரும் அங்கேதான் இருந்தார். எங்கள் வீட்டுச் சல்லடை, சிவப்புத் துணியின் மேல், கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது.

ஒன்றுவிடாமல் சொன்னேன். வீட்டுக்கு வந்த பாட்டில் ஒவ்வொன்றும் தொட்டியில்தான் போயிற்று, என் மனைவி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, இரும்பு மாத்திரையாலும் எலுமிச்சையாலும்தான் ரத்தம் ஏறியது, இனியாவது அவளை மாடிக்கு அனுப்புங்கள் என்றேன். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

 இயக்குநர் மெல்ல எழுந்து நின்றார்.

"குடிக்காமலேயே ஏத்துக்கிச்சா?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் காதில் விழவில்லை. பாட்டில் வீட்டில் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. மூடியைத் திறந்தோமா? ஊற்றுவதற்குத் திறந்தோம். அப்படியானால் காற்றில் ஏறியிருக்கிறது, அல்லது பார்வையில் ஏறியிருக்கிறது என்றார். கண்காணிப்பாளர் சுவரில் சாய்ந்துவிட்டார். குழுவை உடனே கூட்டச் சொன்னார் இயக்குநர். கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி, என் மனைவியை அங்கேயே தங்கவைத்து, மூடிய பாட்டிலை அடுத்த அறையில் வைத்தால் ஏறுகிறதா, அதற்கும் அடுத்த அறையில் வைத்தால் ஏறுகிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். குடும்பத்தார் வாரம் ஒரு முறை கண்ணாடி வழியாகப் பார்க்கலாமாம்.

என் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. வண்டி நிற்கவில்லை. நானே அவளைக் கொண்டுவந்து இவர்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

அப்போது என் மனைவி பேசினாள். "ஐயா, ஒரு சின்ன சந்தேகம்."

கேட்கலாம் என்று இயக்குநர் கையசைத்தார்.

"ஏறின சத்து இப்ப என் உடம்புல எங்க தங்கியிருக்குங்க?"

 ரத்தத்தில் இல்லை. சிறுநீரிலும் இப்போது இல்லை. "அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார், முதன்முறையாகக் குரலில் கொஞ்சம் சுரத்துக் குறைந்து.

"இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது, காஜா எடுக்கறவ. மத்ததெல்லாம் ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிச்சு, வெளிய அனுப்பிச்சு. அந்தக் கட்டி ஒண்ணுதான் வந்த நாள்ல இருந்து வளந்துக்கிட்டே இருக்கு. எதையும் அது வேணாம்னு சொன்னதே இல்ல."

 இயக்குநர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் கையிலிருந்த டார்ச்சை அவள் வயிற்றை நோக்கி அடித்தார், வேண்டுமென்றே அல்ல.

"மொத்தமும் அதுல..." என்றார் இயக்குநர். "அப்ப அதை வெளிய எடுத்துப் பாத்தா..."

"நான் எப்படிங்க சொல்றது" என்றாள் அவள். "அது உங்க ஆராய்ச்சி."

மறுநாள் காலையில் அறுவைச் சிகிச்சை. அதற்கு முந்தைய சாயங்காலமே ஏசியைச் சரிசெய்ய ஆள் வந்துவிட்டார். அறுவை மருத்துவர் குறுக்கெழுத்தை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவினார். கையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாரா, இல்லை நீர் பட்டதா என்று எனக்கு இன்றும் சந்தேகம். அரங்குக்கு வெளியே கீழ்த்தளம் முழுவதும் ஊதாக் குழாய்களோடு நின்றது. நான் ஒரு மூலையில் நின்றேன். கதவு திறந்து, கட்டி கிடந்த தட்டு வெளியே வந்தபோது எல்லாரும் தட்டின் பின்னால் ஓடினார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க நான் ஒருவன்தான் மிச்சம். நன்றாக இருக்கிறாள் என்றார் மருத்துவர். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

கீழே கட்டியைத் துண்டு துண்டாக்கி ஊதாவில் போட்டார்கள். ஊதா ஊதாவாகவே இருந்தது. கலக்கிப் பார்த்தார்கள், சூடாக்கிப் பார்த்தார்கள். உறுதிமொழியைக்கூட யாரோ வாசித்துப் பார்த்ததாகக் கேள்வி. கடைசியில் குழு கூடி, கட்டி ஏற்க மறுத்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. கட்டியிடமே விளக்கம் கேட்டார்களாம், குறித்த காலத்துக்குள் பதில் வரவில்லையாம். மிச்சத் துண்டை ஜாடியில் போட்டு, 'ஏற்காதது' என்று எழுதி ஏற்புக் கூடத்தின் மேடையில் வைத்தார்கள், மற்றவர்களுக்குப் பாடமாக.

தையல் பிரிக்கப் போன அன்று நாங்கள் அந்தக் கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. உறுதிமொழி நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும், ஒரு பெண் வெள்ளைத்தாள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கட்டிதானாம், ஒரு வருடமாக வருகிறாளாம், நான்கு விசாரணை முடிந்துவிட்டதாம், உடம்பு திருந்தவே மாட்டேன் என்கிறதாம். தன் உடம்பைப் பற்றி, பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் தலைகுனிந்து சொன்னாள்.  என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"வீட்டுல குடிக்கறேன்னு கேட்டு வாங்கிக்கோ" என்றாள், மேடையைப் பார்த்தபடியே, உதடு அசையாமல். "கஷாயத்தைத் தொட்டியில ஊத்து. மாத்திரையை மட்டும் எலுமிச்சம்பழத்தோட போடு. பத்தைத் தாண்டினதும், எல்லாம் கட்டியில போயி ஏறியிருக்கும்னு தோணுதுன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தையும் பேசாத."

அந்தப் பெண் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பக்கம் இருந்தவள், என்ன என்ன என்று அவளை இடித்துக் கேட்டாள்.

அதன்பிறகு மாடியில் அறுவை மருத்துவருக்குக் குறுக்கெழுத்துக்கு நேரமே இல்லை. ஒவ்வொரு கட்டியிலும்தான் மொத்தச் சத்தும் இருக்கப்போகிறது என்று கீழ்த்தளம் ஆவலோடு காத்திருந்தது, ஒவ்வொரு கட்டியும் மறுத்தது. மேடையில் இடம் போதாமல் சுவர் நெடுக அலமாரி அடித்தார்கள். போன வாரம் அதற்கு ஒரு திறப்பு விழா. இத்தனை ஏற்காத கட்டிகள் உலகத்தில் வேறெங்கும் ஒரே கூரையின்கீழ் இல்லை என்று இயக்குநர் பெருமிதத்தோடு பேசினாராம். கட்டிகளின் சொந்தக்காரிகள் அத்தனை பேருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். ஒருத்திகூடப் போகவில்லை. அன்றைக்கு வேலை நாள்.